ஒன் பை வாகாம் ஸ்மால்: பழைய ஃப்ரீலான்ஸ் ஸ்ட்ரிப்புகளைத் திரும்ப வரைந்து பார்த்ததில்

வாகாம் பென் டேப்லெட்டுகளில், அதாவது கம்ப்யூட்டரில் இணைத்துப் பேனாவால் வரையும் பலகைகளில், விலை குறைந்த வரிசை இது. நாலாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கும், தள்ளுபடி சீசனில் இன்னும் கொஞ்சம் இறங்கும். திரை கிடையாது, பலகையில் ஷார்ட்கட் பொத்தான் கிடையாது. கறுப்பாக ஒரு பலகை, அதன் அடிப்பக்கம் சிவப்பு, ஒரு பேனா, ஒரு யுஎஸ்பி கேபிள், மூன்று உபரி முனைகள், பெட்டிக்குள் அவ்வளவுதான். "கத்துக்கிறவங்களுக்கு ஓகே, தொழிலுக்கு ஆகாது" என்று இதை ஒதுக்குகிறவர்கள் நிறைய. நான் கார்ட்டூன் வரைந்து, பில் அனுப்பி, அந்தப் பில்லுக்குக் காத்திருந்து பிழைக்கிறவன். எனக்கு இது தொழிலுக்கே போதும் என்று படுகிறது. ஆனால் பெட்டியைப் பிரித்த கோலத்திலேயே போதாது, டிரைவரில் (டேப்லெட்டைக் கம்ப்யூட்டரோடு சேர்ந்து வேலை செய்யவைக்கும் மென்பொருள்) வந்திருக்கும் செட்டிங்குகளில் சிலதை மாற்றினால்தான் போதும். எதை, ஏன் என்று சொல்கிறேன்.

பரீட்சைக்கு எடுத்துக்கொண்டது என் பழைய ஸ்ட்ரிப்புகளை. வேலையை விட்டு ஃப்ரீலான்ஸ் என்று இறங்கின புதிதில், கையில் ஆர்டர் இல்லாத மத்தியானங்களில், அந்தப் பிழைப்பைப் பற்றியே நாலு கட்ட ஸ்ட்ரிப்புகள் வரைந்துகொண்டிருந்தேன். பெயர் வைக்காத ஓர் ஆள், லுங்கி, மொட்டைமாடி ரூம், ஒரு டேபிள் ஃபேன். ஏ4 ஜெராக்ஸ் பேப்பரில் பிக்மா மைக்ரான் 05 பேனா. (05 என்றால் அரை மில்லிமீட்டர் என்று நினைப்பார்கள், கோடு 0.45 மி.மீ.தான்.) தெருமுனை பிரவுசிங் சென்டரில் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் போட்டு ஜேபெக்காக வாங்கி வந்த கோப்புகள் மட்டும் மிச்சமிருக்கின்றன, மூலப் பேப்பர்களில் பெரும்பாலானதைக் கரையான் தின்றுவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் பொடிப்பொடியாக ஜேபெக் அழுக்கு. அவற்றைச் சின்னத் தொகுப்பாக அச்சில் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது, கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படத்தை அச்சுக்குக் கொடுப்பதென்றால் 600 டிபிஐ-யாவது வேண்டும், அதனால் மொத்தத்தையும் இந்த டேப்லெட்டில் திரும்ப வரைய உட்கார்ந்தேன். ஆக, இது டேப்லெட்டுக்கு ரிவ்யூ, அந்தப் பழைய ஆளுக்கும் ஓரளவு ரிவ்யூ.

முதலில் பலகை. வரையும் பரப்பு 152-க்கு 95 மி.மீ., தபால் ஆபீஸ் போஸ்ட்கார்டைவிடத் துளி பெரிது. பேனாவுக்குள் பேட்டரி இல்லை. பலகைக்குள் ஓடும் கம்பி வலை காந்தப்புலத்தை அனுப்புகிறது, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தான் எங்கே இருக்கிறேன், எவ்வளவு அழுத்தம் என்று பதில் அனுப்புகிறது. பேனாவை சார்ஜ் போட வேண்டும் என்ற பேச்சே இல்லை, கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரி இருக்கிற வரைக்கும் வரையலாம். வாகாம் 1983-இல் ஜப்பானில் ஆரம்பித்த கம்பெனி, அந்தப் பெயருக்கு இன்றைக்கும் மரியாதை இருப்பதில் இந்தப் பேட்டரி இல்லாத பேனாவுக்கு நிறையப் பங்கு உண்டு. இப்போது ஹுயான், எக்ஸ்பி-பென் என்று மற்றவர்களும் பேட்டரி இல்லாத பேனா தருகிறார்கள், அதே காசுக்கு இன்னும் பெரிய பரப்பும், பலகையிலேயே பொத்தான்களும், 8192 அழுத்த நிலைகளும் சேர்த்து. இதில் 2048-தான். (பேனாவை அழுத்த அழுத்தக் கோடு தடிக்கும், அந்த அழுத்தத்தை எத்தனை படியாகப் பிரித்து அறிகிறது என்பதுதான் இந்த எண்.) அந்த எண்ணைப் பார்த்து யாரும் மனசு கலங்க வேண்டாம். ஸ்ட்ரிப்பில் என் கோடு மெலிந்த இடத்தில் 3 பிக்சல், தடித்த இடத்தில் 14 பிக்சல். இந்தப் பதினோரு பிக்சல் வித்தியாசத்துக்கு 2048 படிகளே எதேஷ்டம். வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசி ஓவியம் செய்கிறவர்கள் வேறு கணக்குப் போடலாம்.

திரை இல்லாத டேப்லெட் என்றால் கை மேஜையில், கண் திரையில். இது பழகச் சில வாரம் பிடிக்கும், அதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. பேனாவைப் பலகையிலிருந்து 7 மி.மீ. வரை தூக்கினாலும் கர்சர் கூடவே வரும், அதற்கு மேல் தூக்கினால் நின்றுவிடும். பேப்பரில் வரைந்து பழகினவர்கள் கோட்டுக்குக் கோடு கையை நன்றாகத் தூக்குவார்கள், இங்கே தூக்காமல் மிதக்கவிடப் பழக வேண்டும். ஓவியர் கோபுலு பக்கவாதத்தால் வலது கை முடங்கின பிறகு இடது கைக்கு வரையக் கற்றுக்கொடுத்தார் என்பது நம் ஊரில் வரைகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதற்கு முன்னால் கண்ணைக் கொஞ்சம் நிமிர்த்திப் பார்க்கச் சொல்வதெல்லாம் ஒரு கஷ்டமா என்று நினைத்துக்கொண்டேன். நிமிர்த்திப் பார்ப்பதில் லாபம்கூட உண்டு. பேப்பரிலும் திரை உள்ள டேப்லெட்டிலும் கழுத்து குனிந்தே கிடக்கும், இதில் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து வரையலாம். கழுத்துவலிக்கு மருத்துவ விடுப்பு கொடுக்க ஆபீஸ் இல்லாதவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, செட்டிங். இணைத்து டிரைவரைப் போட்டதும் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், திரையில் முட்டை வரும். பலகையின் விகிதம் 16-க்கு 10, இன்றைய மானிட்டர்கள் பெரும்பாலும் 16-க்கு 9. பலகை முழுவதையும் திரை முழுவதற்கும் நீட்டிப் பொருத்துவதால் குறுக்கே மட்டும் பதினோரு சதவீதம் இழுபடுகிறது. முகத்தை முகமாக வரைந்தால் கன்னம் உப்பி வந்து நிற்கும், கையில் குறையோ என்று சந்தேகம் வந்துவிடும். டிரைவரில் மேப்பிங் பக்கத்தில் ‘ஃபோர்ஸ் புரபோர்ஷன்ஸ்’ என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டால் வட்டம் வட்டமாகும், பதிலுக்குப் பலகையில் ஒரு சென்டிமீட்டர் போல வீணாகும். போகட்டும்.

அடுத்தது ‘விண்டோஸ் இங்க்’. பேனாவை ஓரிடத்தில் அழுத்தி யோசித்தால் ஒரு வளையம் சுழன்று ரைட் கிளிக் மெனு திறக்கும். கார்ட்டூன் வரைகிறவன் பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்காமல் வேறென்ன செய்வான்? அதை அணைத்துவிடுங்கள், கிரிட்டாவில் டேப்லெட் செட்டிங்குக்குப் போய் வின்டேப் என்று மாற்றிவிடுங்கள். (கிரிட்டா என்பது இலவசமாகக் கிடைக்கும் வரையும் மென்பொருள். நான் அதில்தான் வரைகிறேன். இந்த வேலைக்கு மாதச் சந்தா கட்டும் மென்பொருள் தேவையில்லை.)

இதெல்லாம் எந்த ரிவ்யூவிலும் கிடைக்கும். தமிழில் லெட்டரிங் செய்கிறவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. என் ஸ்ட்ரிப்புகளில் வசனம் எல்லாம் கையெழுத்து, எழுத்துரு போட்டால் அந்த ஆள் பேசுவது போலவே இருக்காது. பேனாவை எடுத்துத் தலைப்புக் கட்டத்தில் ‘ஃப்ரீலான்ஸ்’ என்று எழுதினேன். முதல் எழுத்தே ஆய்தம். தட், தட், தட் என்று மூன்று புள்ளி வைத்தால் திரையில் ஒன்றுதான் விழுகிறது, சில சமயம் இரண்டு. திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தாலும் அதே கதைதான். காரணம் என்னவென்றால், கிட்டக்கிட்ட இரண்டு தட்டு தட்டினால் அதை மவுஸின் டபுள் கிளிக் என்று எடுத்துக்கொண்டு, இரண்டாவது தட்டை முதல் தட்டின் இடத்திலேயே போட்டுவிடுகிறது டிரைவர். இங்கிலீஷில் எழுதுகிறவருக்கு ‘ஐ’யின் மேல் ஒற்றைப் புள்ளி, அவருக்கு இது தெரியவே தெரியாது. நமக்கோ ஆய்தத்துக்கு மூன்று, அப்புறம் மெய்யெழுத்துக்கு மெய்யெழுத்து ஒரு புள்ளி. டிரைவரில் ‘டபுள் கிளிக் டிஸ்டன்ஸ்’ என்றிருப்பதை ஆஃப் வரைக்கும் தள்ளிவிட்டால் புள்ளிகள் தனித்தனியாக விழும். கூடவே, கோடு தொடங்கும் இடத்தில் ஒரு நொடி தயங்கி அப்புறம் குதித்து ஓடுவதும் நின்றுவிடும், லெட்டரிங் செய்யாதவர்களுக்கும் இது உதவும்.

அதையும் தாண்டி சில புள்ளிகள் காணாமல் போகும். மெய்யெழுத்தின் புள்ளியை நாம் அழுத்தி வைப்பதில்லை, போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறோம். அந்த லேசான தொடுகை பேனாவுக்குப் போதாது. ‘டிப் ஃபீல்’ என்கிற அளவுகோலைச் சாஃப்ட் பக்கம் இரண்டு படி நகர்த்தினதும் ‘பேமென்ட்’ என்று எழுதியது ‘பேமெனட’ என்று வருவது நின்றது. ஞ, ழ, ஜ மாதிரி சுழி நிறைந்த எழுத்துகளை முழு ஸ்ட்ரிப்பும் தெரியும்படி வைத்து எழுத முடியாது. போஸ்ட்கார்டு அளவுப் பரப்பில் ஒரு வசன பலூன் நகக்கண் அளவுதான் வரும். ஒரு பலூன் திரையில் பாதியை அடைக்கிற அளவுக்கு ஜூம் செய்துகொண்டு எழுதினால் சுழிகள் சுழிகளாக வருகின்றன. பெரிய பரப்புக்கு ஆசைப்பட வேண்டிய ஒரே காரணம் எனக்கு இதுதான், படம் அல்ல, எழுத்து.

இனி அந்த ஆள்.

பழைய ஸ்ட்ரிப்புகளைக் கீழே ஒரு லேயரில் மங்கலாகப் போட்டு மேலே புதிதாக வரைவது என்று வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு கோடு விடாமல் பின்தொடர்ந்து போகும்போதுதான் எந்த ஸ்ட்ரிப்பில் சரக்கு இருக்கிறது, எதில் இல்லை என்று கை சொல்கிறது. கிளையன்ட்டைக் கிண்டல் செய்த ஸ்ட்ரிப்புகள் எல்லாம் வெளிறிக் கிடக்கின்றன. "யானையைக் குதிரையா மாத்திடுங்க, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்கிற கிளையன்ட், "இந்தத் தடவை ஃப்ரீயா பண்ணுங்க, உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர்" என்கிற கிளையன்ட், எல்லோருக்கும் ஒரே மீசை, ஒரே டை. நான் வேலை செய்த இடங்களில் டை கட்டின கிளையன்ட் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. பிரிண்டிங் பிரஸ்காரர், டியூஷன் சென்டர் வைத்திருந்த மேடம், மருந்துக் கம்பெனிக்குக் காலண்டர் அடித்தவர், ஒருத்தருக்கும் டை இல்லை. எங்கிருந்தோ கடன் வாங்கின டை அது, நகைச்சுவையும் கடன் வாங்கினதுதான். இவற்றை வரைய டேப்லெட்டுக்கு ஒரு சிரமமும் இல்லை, மளமளவென்று முடிந்தது. தொகுப்பில் சேர்க்கப் போவதில்லை.

வீடு வருகிற ஸ்ட்ரிப்புகள் அப்படியில்லை. ஒன்றில் முதல் கட்டம்: எதிர்வீட்டு அம்மா சாவியை நீட்டுகிறார், "வீட்லதானே தம்பி இருப்பீங்க". இரண்டாவது: கூரியர்காரர், "பக்கத்து வீட்டுது சார், ஒரு கையெழுத்து". மூன்றாவது: மூன்று கேஸ் சிலிண்டர், ஒரு தண்ணீர் கேன், யாருடையதோ ஒரு குழந்தை. நாலாவது கட்டத்தில் இந்தச் சாமான்களுக்கு அடியில் எங்கோ போன் அடிக்கிறது, ஆள் தேடுகிறான். இன்னொன்றில் வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்துக்கு ஆபீஸ் ஐடி கார்டு கேட்கிறார், இல்லை என்றதும் அலட்டிக்கொள்ளாமல் "நீங்க வரையிறவர்தானே, ஒண்ணு வரைஞ்சு குடுங்க" என்கிறார். மூன்றாவதில், பில்லில் பத்து சதவீதம் டிடிஎஸ் (கிளையன்ட்டே முன்கூட்டிப் பிடித்துக் கட்டிவிடும் வருமான வரி) பிடித்துக்கொண்டு பணம் வருகிறது, அந்தப் பத்து போனதில் இவன் முகம் தொங்கிக் கிடக்க, அம்மா மட்டும் மாடிப்படியில் நின்று கீழ்வீட்டுக்காரரிடம் "எம்பையன் வரி கட்றான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த வரி இவன் கட்ட வேண்டியதற்கு மேல் பிடித்தது, ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும் என்று அவளுக்கு யார் சொல்வது, சொல்லவும்தான் ஏன் வேண்டும்? இந்த மூன்றையும் திரும்ப வரைகையில் ஒரு வசனத்தைக்கூட மாற்றத் தோன்றவில்லை. அம்மாவின் இடுப்பில் செருகின முந்தானைக்கு அழுத்த உணர்வு பிரமாதமாக வேலை செய்தது. மைக்ரானில் ஒரே தடிமனில் இரண்டு கோடாகக் கிடந்தது இப்போது ஒரே இழுப்பில் மெலிந்து தடித்து மெலிகிறது. இந்த ஒரு இடத்துக்காகவே நாலாயிரம் தகும் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆனால் டேப்லெட் கெடுக்கப் பார்த்ததும் ஒரு நல்ல ஸ்ட்ரிப்பைத்தான். "அக்கவுண்ட்ஸ் சார் லீவு" என்று நான் கூப்பிடுவது. நாலு கட்டத்திலும் ஆள் ஒரே நாற்காலியில், ஒரே பக்கம் பார்த்து, போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறான். எதிர்முனையிலிருந்து வரும் பலூன் மட்டும் மாறுகிறது: "பேமென்ட் ப்ராசஸ்ல இருக்கு", "அக்கவுண்ட்ஸ் சார் லீவு", "சார் வந்துட்டார், ஆனா செக்ல கையெழுத்துப் போடறவர் டூர்ல இருக்கார்", கடைசியில் "யார் பேசறீங்க?" டீ கிளாஸ் முதல் கட்டத்தில் நிறைய, இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் காலி, நாலாவதில் அதில் ஒரு ஈ. கிரிட்டாவில் ஓர் ஆளை ஒருதடவை வரைந்துவிட்டால் லேயரை நகல் எடுத்து நாலு கட்டத்திலும் ஒட்டிவிடலாம், சில நொடி வேலை, நானும் ஒட்டினேன். ஸ்ட்ரிப் செத்துப்போயிற்று. ஏன் என்று பழைய ஸ்கேனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு நாலு தடவையும் கையால் வரைந்ததில் ஆள் கட்டத்துக்குக் கட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்திருக்கிறான். முதல் கட்டத்தில் தோள் நாற்காலி முதுகுக்கு மேலே இருக்கிறது, நாலாவதில் அதற்குக் கீழே. லுங்கி மடிப்பு தளர்ந்து தொங்குகிறது. போன் பிடித்த முழங்கை முதலில் காற்றில் நிற்கிறது, பிறகு தொடையில் ஊன்றிக்கொள்கிறது. இது அன்றைக்குத் திட்டம் போட்டு வரைந்ததா, கை அலுத்துப்போய்த் தானாக வந்ததா என்பது முக்கியமில்லை. காத்திருக்கிற மனுஷன் அப்படித்தான் உட்காருவான். நகல்களை அழித்துவிட்டு நாலு தடவையும் முதலிலிருந்து வரைந்தேன்.

இதையேதான் கோட்டை நேராக்கும் வசதி பற்றியும் சொல்வேன். கிரிட்டாவில் பிரஷ் ஸ்மூத்திங் என்று ஒன்று உண்டு, அதில் ‘ஸ்டெபிலைசர்’ போட்டால் கை நடுக்கத்தை எல்லாம் விழுங்கிவிட்டு வழவழவென்று கோடு தரும். திரையில்லாத டேப்லெட்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எல்லோரும் முதலில் சிபாரிசு செய்வது அதைத்தான். விளம்பரத்துக்கு மாஸ்காட் வரைகிறீர்களா, போட்டுக்கொள்ளுங்கள். என் ஆளுக்கு அது ஆகாது. அவன் ரூமில் நேர்க்கோடே கிடையாது: சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது, ஃபேன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஜன்னல் கதவு முழுசாக மூடாது. ஸ்டெபிலைசர் போட்டு வரைந்ததில் மொட்டைமாடி ரூம் புது அபார்ட்மென்ட் விளம்பரம் மாதிரி பளிச்சென்று வந்து நின்றது. ஸ்மூத்திங்கை ‘பேசிக்’கில் வைத்து, ‘இங்க்-3 ஜிபென்’ பிரஷ்ஷில் வரைந்தால் பழைய பேனாவுக்குக் கிட்டத்தட்ட வருகிறது. கிட்டத்தட்டத்தான். ஜெராக்ஸ் பேப்பரில் மை ஒரு மயிரிழை ஊறுமே, அது இதில் வராது, வரவழைக்கிற பிரஷ்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

காத்திருக்கும் ஸ்ட்ரிப் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், டேப்லெட்டுக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் டேப்லெட் வாங்கப் போகும் ஃப்ரீலான்ஸருக்கு டேப்லெட்டைவிட உபயோகம். 2006-ஆம் வருஷத்துச் சிறு குறு நிறுவனச் சட்டத்தில் பணம் கொடுக்கக் கெடு இருக்கிறது. பதிவு செய்துகொண்ட குறுந்தொழில்காரருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, கூட்டு வட்டி. 2020 ஜூலையிலிருந்து உத்யம் என்கிற பெயரில் இந்தப் பதிவு ஆன்லைனில், கட்டணம் இல்லாமல். தனி ஆளும் பதிந்துகொள்ளலாம். நான் பதிந்து, பில்லின் அடியில் அந்த எண்ணைப் போட ஆரம்பித்த பிறகு எல்லோரும் உடனே பணம் அனுப்பிவிட்டார்கள் என்று கதை விட மாட்டேன். அக்கவுண்ட்ஸ் சார் லீவு எடுப்பது கொஞ்சம் குறைந்தது.

திரும்பப் பலகைக்கு. பலகையில் பொத்தான் இல்லாததை ஒரு குறையாகச் சொல்வார்கள். இடது கை சும்மாதானே கிடக்கிறது, கீபோர்டில் இருக்கட்டும்: பி தட்டினால் பிரஷ், ஈ தட்டினால் அழிப்பான், எம் தட்டினால் படம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பும், முகத்தில் ஒரு கண் மேலே ஏறியிருப்பது அப்போதுதான் தெரியும். பேனாவிலேயே இரண்டு பொத்தான் உண்டு, ஒன்றுக்கு அன்டூ கொடுத்துவிட்டேன், இன்னொன்றில் விரல் அடிக்கடி தெரியாமல் படுவதால் அதைச் செயலிழக்கச் செய்துவிட்டேன்.

குறை என்று பார்த்தால், பேனாவைச் சாய்த்துப் பிடித்தால் அந்தச் சாய்வு இதற்குத் தெரியாது. பென்சிலைப் படுக்கவைத்து நிழல் தேய்ப்பது போல வரைகிறவர்களுக்கு இது கை கொடுக்காது. கேபிள் இன்னமும் மைக்ரோ யுஎஸ்பி, வீட்டில் எல்லாமே டைப்-சி ஆகிவிட்ட பிறகு இதற்கென்று ஒரு கேபிளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பலகையின் மேற்பரப்பு பேப்பர் போலச் சொரசொரப்பாக இருக்கும், அதுதான் வரைய சுகம், அதேதான் பேனா முனையைத் தேய்க்கவும் செய்யும். இந்த வகைப் பலகை எல்லாவற்றிலும் அப்படித்தான். முனை ஒரு பக்கமாகச் சீவினது போல ஆனதும் மாற்றிவிடுங்கள், கூர் விளிம்போடு வரைந்துகொண்டே போனால் பலகையில் கீறல் விழும். அழுத்தி வரைகிற ஆள் என்றால் மேலே ஒரு ஏ4 பேப்பரை ஒட்டிக்கொண்டும் வரையலாம், பேப்பரைத் தாண்டியும் பேனா தெரியும். முனை இன்னும் சீக்கிரம் தேயும் என்பது வேறு.

ஒரு சங்கடம் இருக்கிறது, அதை எந்தக் கம்பெனி டேப்லெட்டின் கணக்கிலும் எழுத முடியாது. பேப்பரில் வரைந்த காலத்தில் "சின்ன சேஞ்ச்" என்றால் போஸ்டர் வெள்ளையை எடுத்து அழித்து, காயவைத்து, அதன் மேல் மை ஊறாமல் திரும்ப வரைய வேண்டும், அது கிளையன்ட்டுக்கும் தெரியும், அதனால் கேட்கும் முன் ஒருதடவை யோசிப்பார். இப்போது லேயரில் இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. மாற்றம் செய்வது எனக்கு எவ்வளவு சுலபமாயிற்றோ, கேட்பது அவருக்கு அதைவிடச் சுலபமாயிற்று. கொட்டேஷனிலேயே இரண்டு திருத்தம் வரைக்கும் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று எழுதிவிடுகிறேன். யானையைக் குதிரையாக்குவது திருத்தத்தில் சேராது, அது புதுப் படம்.

யார் வாங்கலாம் என்றால், கோட்டுப்படம், ஸ்ட்ரிப், கேலிச்சித்திரம், பாடப்புத்தகப் படம் வரைகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். அதிலும் ஃப்ரீலான்ஸாக இப்போதுதான் இறங்குகிறவர் என்றால், திரை உள்ள டேப்லெட்டுக்குத் தவணை கட்டாமல் இதை வாங்கி, மிச்சக் காசில் முதுகுக்கு ஒத்துக்கொள்கிற நாற்காலி ஒன்று வாங்கிப் போடுங்கள். தமிழில் கையெழுத்து லெட்டரிங் நிறையச் செய்கிறவர்கள் ஸ்மாலை விட்டுவிட்டு மீடியத்துக்குப் போகலாம், அதில் பரப்பு 216-க்கு 135 மி.மீ., பலூனுக்கு பலூன் ஜூம் செய்கிற வேலை பாதியாகும். முழங்கையிலிருந்து வீசி வரைகிற பழக்கம் உள்ளவர்களுக்கும் மீடியம்தான். வாட்டர்கலர் மாதிரி வேலை செய்கிறவர்களும், திரையில் கை வைத்தால்தான் வரைய வரும் என்கிறவர்களும் இதை வாங்கி அலமாரியில் போட வேண்டாம்.

வாங்கும்போது பில்லை உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள், வருமான வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்டலாம். விலையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தே வரும். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாததால் ஜிஎஸ்டி பதிவு செய்யாமல் இருக்கிறவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலானவர்களுக்கு, அந்தப் பதினெட்டு திரும்ப வராது. அதைப் பற்றியும் ஒரு ஸ்ட்ரிப் வரைந்து வைத்திருக்கிறேன், ஆய்தமெல்லாம் சரியாக விழுந்திருக்கிறது.